சாவிக்கொத்து வேண்டாம்

திருச்சி
3 ஆகஸ்ட் 2025

ஷார்ஜாவில் சார்ஜ் குறையாமல் வாழும் மன்சூர் அண்ணனுக்கு, அல்ஷிஃபாவின் சலாம்.

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அவன் தெனமும் ஃபோன்ல கேக்குறான், ஒடம்பு எப்படி இருக்குன்னு. நீ மழை வந்துச்சு, மலைக்கோட்டைல கூட்டம்னு கதை விடுறே. வாயைத் தொறந்து சொன்னா முத்தா கொட்டிடும்?" என்று அம்மா திட்டித் தீர்க்கிறார்.

சொல்கிறேன். ஆனால் தாளில்தான் சொல்வேன். வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க நீ செய்தது ஆப் இல்லை அண்ணே, எனக்கு வைத்த ஆப்பு.

போன மாதம் எங்கள் பள்ளிக் கண்காட்சியில் ஒரு காலேஜ் அக்கா வந்து குவாண்டம் கம்ப்யூட்டர் பற்றிப் பேசினாள். "கண்டம் தெரியும், அதென்ன குவாண்டம்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "கண்டம்தாம்மா. என்ன, கொஞ்சம் லேட்டா வரும்" என்றாள்.

நாம் இணையத்தில் அனுப்புவதெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் போகிறதாம். அந்தப் பூட்டு ஒரு கணக்கு. இன்றைக்கு இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒன்றாக உட்கார்ந்தாலும் அதைப் போட்டு முடிக்க யுகம் ஆகும். இந்தப் புது மெஷின் நன்றாக வளர்ந்துவிட்டால் சுலபமாகப் போட்டுவிடும். இன்னும் வளரவில்லை, சரி. ஆனால் பழைய இரும்புக்காரர் தெருத் தெருவாக வாரிக்கொண்டு போவது மாதிரி, சிலர் பூட்டியதைப் பூட்டோடு இப்போதே வாரி வைத்துக்கொள்கிறார்களாம். மெஷின் வந்ததும் திறந்து தரம் பிரிக்கலாம் என்று.

அங்கேதான் என் சிரிப்பு நின்றது.

எனக்கு வலிப்பு வருகிறது என்பது நம் வீட்டுக்குத் தெரியும், டாக்டர் பாக்கியமேரிக்குத் தெரியும், சேக் மைதீன் மாமாவுக்குத் தெரியும். அவ்வளவுதான். பள்ளியில் கேட்டால், "காலைல சாப்பிடலை, மயக்கம்." நான் எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன் என்று கணக்குப் போட்டால் எங்கள் வகுப்பே எனக்குச் சோறு போட வரிசையில் நிற்கும். ஆனால் டாக்டரம்மா கேட்டார் என்பதற்காக, நான் தரையில் கிடந்து வெட்டி இழுப்பதை அம்மா வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார். அதை நான் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியமும் இல்லை. அது நீ செய்த ஆப் வழியாகத்தான் புத்தூர் கிளினிக்குக்குப் போனது. எனக்கு முப்பது வயதாகும்போது யாரோ ஒரு முகம் தெரியாத ஆள், என்னை முந்திக்கொண்டு, அதைத் திறந்து பார்க்க வேண்டுமா?

இது என் வலிப்பு. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, இரண்டும் என் முடிவு.

புதுப் பூட்டு வந்துவிட்டது அண்ணே. அந்த மெஷினுக்கும் பிடிபடாத வேறு கணக்கு. போன வருஷமே தரம் பார்த்து முத்திரை குத்திவிட்டார்கள். மாற்று. மாற்றும் வரை ஆப்பில் என் வலிப்பைப் பற்றி ஒரு எழுத்து எழுத மாட்டேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், டாக்டரம்மாவை நேரில் போய்ப் பார்க்கிறேன், கவலைப்படாதே.

பூட்டுக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, சாமான் சுமக்கும் குருவியாக ஷார்ஜாவுக்கும் திருச்சிக்கும் பறந்துகொண்டிருக்கிற சேக் மைதீன் மாமாதான் இதைக் கொண்டுவருவார். கூடவே நம்பர் பூட்டுப் போட்ட டப்பா ஒன்று. நம்பர் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன என்றும் சொல்ல மாட்டேன்.

அல்ஷிஃபா

ஷார்ஜா
19 ஆகஸ்ட் 2025

அல்ஷிஃபா,

கடிதம் கிடைத்தது. எனக்கு முன்னால் சேக் மைதீன் மாமாவுக்கும் கிடைத்திருக்கிறது. ஏர்போர்ட்டில் பிரித்துக் காட்ட வேண்டும், ஒட்டாமல் குடு என்று அவர் கேட்பது உனக்குத் தெரியாதா? பையை என் கையில் கொடுத்ததுமே, "மன்சூரு, குவாண்டம்னா என்னப்பா, திண்டுக்கல் பூட்டையும் தொறந்துடுமா?" என்று கேட்டார். இணையத்தில் பூட்டிப் போவது ஆபத்து, ஒட்டாத கவரில் ஊர் தாண்டிப் போவது பத்திரம்! நல்ல நியாயம்.

டப்பா கதைக்கு வருகிறேன். முதல் நாள் திறக்கவில்லை, ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். என் அறையில் இருக்கும் டோமினிக், பழவேற்காட்டுக்காரன், தினமும் குலுக்கிப் பார்த்து, "முறுக்குதான் மச்சான்" என்பான். வெள்ளிக்கிழமை லீவில் டிவி பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் நம்பரை மாற்றி மாற்றித் திருப்பினோம். திறந்துவிட்டது. உள்ளே ஒரே ஒரு நமுத்துப்போன முறுக்கு. அடியில் உன் சீட்டு: "வெச்சிருந்து திறந்தியா இல்லையா? அதேதான்."

டோமினிக் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

உன் குறும்பு புரிந்தது. நான் சொல்வதையும் புரிந்துகொள். உன் வீடியோவை வாரி வைத்துக்கொள்ள யாருக்கும் வேலை இல்லாமல் இல்லை. அத்தா மவுத்தான பிறகு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்தவன் நான். நானாகச் செய்தது என்று சொல்ல என்னிடம் இருப்பது அந்த ஆப் ஒன்றுதான். பேஷண்ட் விவரம் தன் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால், கிளினிக்கிலேயே கம்ப்யூட்டர் வைத்து, இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன். இதுவரை ஒரு நாள் நின்றதில்லை. பூட்டை மாற்றினால் பழைய ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு லைன் கிடைக்காது. ஸ்ரீரங்கத்துப் பீமராவ் ஐயாவுக்குக் கை நடுக்கம். ஆப் இருப்பதால்தான் பஸ் ஏறாமல் டாக்டரைப் பார்க்கிறார். உன் பிடிவாதத்துக்கு அவரை வெளியே நிறுத்த முடியாது.

மாத்திரையை மறக்காதே. பரீட்சைக்குப் படி.

மன்சூர்

திருச்சி
31 ஆகஸ்ட் 2025

அண்ணே,

"வேலை இல்லாமல் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில் எழுதினால் இப்படித்தான், உண்மை வந்துவிடும். வாரி வைக்க அவர்களுக்கு வேலை உண்டு என்றுதான் நானும் சொல்கிறேன்.

அடுத்து சேக் மைதீன் மாமா. அவர் படிப்பார், தெரியும். படித்துவிட்டு டீ குடிப்பார், மறந்துவிடுவார். என் கடிதத்தை பீரோவில் வைத்துப் பத்து வருஷம் கழித்து எடுக்க மாட்டார். தவிர, அவருக்கு என்ன புதிதாகத் தெரிந்துவிடப் போகிறது? எட்டாவது படிக்கும்போது அவர் கடை வாசலில்தானே முதல் தடவை விழுந்தேன்? இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று கடைச் சாவிக்கொத்து முழுவதையும் என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாரே. வலிப்பு தானாக நின்றது, சாவி குத்திய தழும்புதான் நின்றுவிட்டது. இன்னும் இருக்கிறது. வலிப்பு வந்தால் வலிக்காது அண்ணே. வைத்தியம்தான் வலிக்கும்.

நீ பீமராவ் ஐயாவை இழுத்ததால் ஞாயிற்றுக்கிழமை ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். தெற்குச் சித்திரை வீதியில் வீடு. ஃபோனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார், இல்லாவிட்டால் பின்பக்கம் கழன்று விழுமாம். "இதுல புதுசா ஒண்ணும் ஏறாதும்மா. எனக்கே புதுசா ஒண்ணும் ஏற மாட்டேங்கறது" என்றார். ஆகவே நீ சொன்னது சரி. அவரை வெளியே நிறுத்தக் கூடாது.

ஆனால் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. நானும் கொஞ்சம் படித்தேன். புது ஆப் வைத்திருப்பவர் வந்தால் பழைய பூட்டு, புதுப் பூட்டு இரண்டையும் சேர்த்துப் போடலாம். பழைய ஆப் வைத்திருப்பவர் வந்தால் பழைய பூட்டு மட்டும். இரண்டு தாழ்ப்பாள் உள்ள கதவு. எட்டுகிறவர் மேல் தாழ்ப்பாளையும் போடட்டும். இது உனக்குத் தெரியாதா? தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைத்தாய்.

டாக்டரம்மாவிடமும் பேசிவிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அன்றைக்கு ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்திருந்தார், அந்தக் குழந்தைக்கும் என் வியாதிதான். "அந்தக் குழந்தை பெரிசாகுறப்ப இதெல்லாம் தொறந்து கெடந்தா என்ன பண்ணுறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னிடம், "ஒரு ஞாயித்துக்கிழமை தரேன். உங்கண்ணன் மாத்தட்டும். திங்கக்கிழமை பேஷண்டுக்கு லைன் கிடைக்கலைன்னா பழையபடி போட்டுடணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, சரியா?" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன், உனக்கும் சேர்த்து.

அல்ஷிஃபா

ஷார்ஜா
20 செப்டம்பர் 2025

அல்ஷிஃபா,

எனக்கும் சேர்த்துச் சரி சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்க ஃபோன் எடுத்தேன். அம்மா எடுத்தார். "ஆப்ல எழுதாம புள்ளை ஒவ்வொரு தடவையும் புத்தூருக்கு அலையுறாப்பா. போன வாரம் பஸ்லயே வந்துடுச்சு. எறங்குனதும் எனக்கு ஃபோன் பண்ணிச் சிரிக்கிறா" என்றார். நீ இதை எழுதவில்லை. சீட்டில் விழுந்தாயா, படியிலா? யார் பிடித்தார்கள்? இதற்கு மட்டும் உனக்கு வாய் இல்லை.

அன்றிலிருந்து வேலை முடித்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். கிளினிக் கம்ப்யூட்டரில் போட வேண்டியதைப் போட்டாகிவிட்டது. புது ஆப்பும் தயார். இங்கே டோமினிக் ஃபோனில், என் ஃபோனில், பக்கத்து அறை ஆட்கள் ஃபோனில், எல்லாவற்றிலும் என் மேசைக் கம்ப்யூட்டரோடு பேசவைத்துப் பார்த்துவிட்டேன். ஓடுகிறது. உன் இரண்டு தாழ்ப்பாள் கதைதான். எனக்குத் தெரிந்ததுதான்.

ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம். நீ கிளினிக்கில் இரு. கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை மட்டும் செய். உன் சொந்த மூளையை வீட்டில் வைத்துவிட்டு வா. பூட்டைப் பற்றி ஃபோனில் பேசலாம் அல்லவா, அல்லது அதற்கும் தாள் வேண்டுமா?

ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். திங்கட்கிழமை ஒரு பேஷண்ட் நின்றால்கூட என் பெயர்தான் கெடும், உன் பெயர் இல்லை.

மன்சூர்

திருச்சி
9 அக்டோபர் 2025

அண்ணே,

நீ என் ஃபோனை எடுக்கவில்லை. பரவாயில்லை. மாமா நாளைக்குப் பறக்கிறார், அவர் உன் கதவைத் தட்டினால் நீ திறந்துதான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை நீ கத்தியதெல்லாம் நியாயம்தான். புது ஆப் போட்ட ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. எல்லார் ஃபோனிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கைக்குழந்தைக்கார அம்மா மணப்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். மதியத்துக்குள் நீ பழையபடி போட்டுவிட்டாய். "விட்டுடும்மா அல்ஷிஃபா. டாக்டரே கிடைக்கலைன்னா பூட்டு எதுக்கு?" என்றார் டாக்டரம்மா.

ஆனால் நான் விடவில்லை. நீ ஃபோனை வைக்கும் முன் கத்திய "உன்னால்தான்" காதில் ஓடிக்கொண்டிருந்தது, விட முடியவில்லை.

அன்று ஒரே ஒருவருக்கு மட்டும் லைன் கிடைத்திருக்கிறது. பீமராவ் ஐயாவுக்கு. மறுநாளே ஸ்ரீரங்கம் போய்க் கேட்டேன். "எனக்கு ஒரு குறையும் இல்லையேம்மா. டாக்டர் நன்னா நிதானமாப் பேசினா. வேற யாருமே வரலையாம்" என்றார். ரப்பர் பேண்ட் போட்ட, பழைய ஆப் உள்ள ஃபோனுக்குக் கிடைக்கிறது, பளபள ஃபோனுக்குக் கிடைக்கவில்லை. உன் புதுப் பூட்டு தப்பு என்றுதான் நீயும் நினைத்தாய்.

நேற்று கிளினிக்குக்குப் போய், "ஒரே ஒரு தடவை பார்க்கிறேன்" என்று டாக்டரம்மா காலைச் சுற்றினேன். நீ வேலையில் இருந்தாய், பழைய பூட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதுசைச் சோதிக்க நீயே ஒரு வழி விட்டு வைத்திருந்தாயே, அதில் போனேன். (உன் பாஸ்வேர்ட் இன்னும் நம் தெருப் பெயர்தான். அதையும் மாற்று.) கிளினிக் உள்ளே, அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற அதே வைஃபையில் உட்கார்ந்தேன். கிடைத்தது! தெருவுக்குப் போய் என் சொந்த டேட்டாவில் பார்த்தேன். சுற்றியது. உள்ளே போனேன், கிடைத்தது. வெளியே வந்தேன், சுற்றியது. டீக்கடைக்காரர், "என்ன பாப்பா, எதைத் தொலைச்சே?" என்று கேட்டுவிட்டார்.

வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் வழி இல்லை என்றால் யார் காரணம்? வாசல்காரர். அதாவது நீ அனுப்பிய ரவுட்டர். நான் அவருக்கு ராவுத்தர் என்று பெயர் வைத்திருக்கிறேன், நம் ஆள் மாதிரியே பிடிவாதக்காரர். புதுப் பூட்டின் சாவி பெரிசு. அதைச் சுமந்துவருகிற முதல் வணக்கமும் பெரிசு, ஒரு கவரில் அடங்காமல் இரண்டு கவராக வருகிறது. நம்ம ராவுத்தர் முதல் கவரைப் பிரிக்கிறார், பாதி வணக்கம்தான் இருக்கிறது, மரியாதை தெரியாதவன் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார். பீமராவ் ஐயாவின் பழைய ஆப் சின்னதாக ஒரே கவரில் வணக்கம் சொல்கிறது, உள்ளே விட்டுவிடுகிறார்.

நீ ஷார்ஜாவில் சோதித்தபோது நடுவில் ராவுத்தர் இல்லை. அதனால்தான் ஓடியது. உன் வேலையில் தப்பே இல்லை அண்ணே. இதைச் சொல்லத்தான் விடாமல் ஃபோன் அடித்தேன்.

இனிமேல்தான் வேடிக்கை. வேறு ரவுட்டர் வாங்க வேண்டும் என்று சொன்னதும் டாக்டரம்மா அலமாரியைத் திறந்தார். நெட் கம்பெனிக்காரன் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன புத்தம் புதிய ரவுட்டர், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது! ஏன் மாட்டவில்லை என்றால், "உங்கண்ணன் காசு வாங்க மாட்டேன்னு ஆசையா அனுப்பினது. அதைக் கழட்டிப் போட்டா அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்?" என்கிறார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "அவனே சொல்லட்டும். இன்னொரு ஞாயித்துக்கிழமை தரேன்" என்றார்.

ஆகவே சொல். உன் கையெழுத்திலேயே சொல். நான் எழுதி உன் பெயரைப் போட்டுவிடுவேன் என்று அவருக்கு என் மேல் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

அல்ஷிஃபா

ஷார்ஜா
18 அக்டோபர் 2025

மதிப்புக்குரிய டாக்டரம்மாவுக்கு,

அந்த ரவுட்டரை நான் இங்கே ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். புதுசு வாங்க அப்போது கையில் இல்லை. நீங்கள் அதை இத்தனை நாள் கழற்றாமல் வைத்திருந்தது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. தயவுசெய்து கழற்றிவிடுங்கள். என் மனசு ஒரு பாடும் படாது.

அல்ஷிஃபா, இதற்கு மேல் உனக்கு.

அன்று "உன்னால்தான்" என்றேன். உன்னால்தான் என்ன கோளாறு என்றும் தெரிந்தது. இதற்கு மேல் நான் வளைய மாட்டேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். புது ரவுட்டரை மாட்டும்போது கம்பிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்று.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். சொல்லியாக வேண்டும். புதுப் பூட்டு இனிமேல் போவதற்குத்தான். இந்த நாலு வருஷத்தில் போனது பழைய பூட்டோடு போய்விட்டது. யாராவது எடுத்து வைத்திருந்தால் அதை இங்கிருந்து யாரும் எதுவும் செய்ய முடியாது. அந்த வீடியோவையும்தான். யாரும் எடுக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் எடுக்கவில்லை என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. முதல் கடிதத்தில் "யாருக்கும் வேலை இல்லை" என்று உன்னைக் கத்தி அடக்கப் பார்த்தது அதனால்தான். அந்த யோசனை எனக்கே தாங்கவில்லை.

மன்சூர்

(ஓரத்தில், கோணலான வேறு கையெழுத்தில்: பாப்பா, உன் கையில தழும்பு இருக்குறது எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்க. இனிமே யாருக்கும் சாவி குடுக்க மாட்டேன். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு. சே.மை.)

திருச்சி
16 நவம்பர் 2025

அண்ணே,

ராவுத்தர் ஓய்வு பெற்றார். போன ஞாயிற்றுக்கிழமை மாட்டிய புது ஆள் எத்தனை கவரில் வணக்கம் சொன்னாலும் பொறுமையாகக் கேட்கிறார். திங்கட்கிழமை எல்லாருக்கும் லைன் கிடைத்தது. மணப்பாறை அம்மா வீட்டிலிருந்தே பேசினார், குழந்தை பின்னால் கத்தியது கேட்டது. பீமராவ் ஐயா மட்டும் வருத்தத்தில் இருக்கிறார். டாக்டர் முன்னே மாதிரி நிதானமாகப் பேசுவதில்லையாம். உன் கடிதத்தை டாக்டரம்மா மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். பழைய ரவுட்டரையும் தூக்கிப் போட மாட்டேன் என்கிறார். நீ ஊருக்கு வரும்போது நீயே சொல்லிக்கொள்.

நானும் ஆப்பில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது நீ கடைசியில் எழுதியது. படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் வம்பு செய்யவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

போனதைப் பூட்ட முடியாது. ஆனால் திறப்பது யார் என்பதில் நான் முந்திக்கொள்ளலாம் இல்லையா? டாக்டரம்மாவிடம் போய் அந்த வீடியோவைக் காட்டுங்கள் என்றேன். பார்த்தேன். நான் நினைத்த அளவு பயங்கரமாக இல்லை அண்ணே. யாரோ ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள், கை இழுக்கிறது, கொஞ்ச நேரத்தில் நிற்கிறது. எனக்கு அழுகை வந்தது அதற்காக இல்லை. அவள் கையில் அம்மா சாவிக்கொத்தை வைத்து அழுத்துகிறார். ஃபோன் ஒரு கையில், சாவி இன்னொரு கையில். அந்தப் பெண்ணின் தலையைத் திருப்ப, சாய்த்துப் படுக்கவைக்க, யாருக்கும் கையும் இல்லை, தெரியவும் இல்லை. தெரிந்துவிடக் கூடாது என்று மறைத்ததில், தெரிய வேண்டியவர்களுக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று டாக்டரம்மா எனக்குச் செய்து காட்டினார். மறுநாள் வகுப்பில், என் பக்கத்தில் உட்காருகிற லிசியிடம் சொன்னேன். "ஏய், எனக்கு மயக்கம் இல்லடி. வலிப்பு." அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "லூசு, அப்ப இத்தனை நாள் என் இட்லியைப் புடுங்கித் தின்னது பசில இல்லையா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். முப்பது வயதுவரை நான் பயந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம் ஒரு இட்லியில் முடிந்துவிட்டது. எல்லாரும் லிசி மாதிரி இருக்க மாட்டார்கள், தெரியும். பின்பெஞ்சில் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். உட்காரட்டும், எனக்குக் காலை நீட்ட இடம் கிடைத்தது.

அம்மா என்னோடு பேசவில்லை. "நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறவ நானா, லிசியா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். நேற்று லிசி வீட்டுக்கு வந்தாள். அம்மா டீ கொடுத்தார், பிஸ்கட் வைத்தார், கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், "டாக்டரு சொல்லிக் குடுத்தாங்களாமே, எந்தப் பக்கமாச் சாய்க்கணும்னு. எனக்கும் காட்டுங்கம்மா" என்றார். லிசி பாயில் படுத்துக்கொண்டு, நாக்கை வேறு நீட்டி, எனக்காக வலிப்பு நடித்தாள். மோசமான நடிப்பு. அம்மா அவளைப் பக்கவாட்டில் திருப்பினார், தலைக்கு அடியில் துப்பட்டாவை மடித்து வைத்தார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடியும் செய்து பார்த்தார்.

இந்தக் கடிதத்தையும் ஒட்டவில்லை. சேக் மைதீன் மாமா, படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். இடது பக்கம் சாய்க்கணும். கையில் ஒன்றும் வைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும்.

அல்ஷிஃபா